வெட்டலாமா

குலசேகரத்திலிருந்து பொன்மனை போகும் ரோட்டில்
ஒரு மொட்டைமாடியில் நிற்கிறது என் விமானம்:
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் கீறல் விட்டது.
தண்ணீர்த் தொட்டியின் சுவரில்
செஸ்னாவின் முகப்புப் படம்,
நான்கு மூலைக்கும் செல்லோடேப்.
இடது கை யோக்கில், வலது கை த்ராட்டிலில்.
கண்ணை மூடினால் ஓடுபாதை.
திறந்தால் எதிர்வீட்டு மேபல் டீச்சர்
நனைந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு
விரிக்க மறந்து நிற்பார்.

நூற்று நாற்பத்தொன்று புள்ளி மூன்று மணி நேரம்
பறந்திருக்கிறேன்.
இன்னும் ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு.
பிலிப்பைன்ஸில் ஒரு மணி நேரம் என்பது
எங்கள் வீட்டில் தொண்ணூறு கிலோ ரப்பர் ஷீட்டு.
விலை இறங்கினால் நூற்றுப்பத்து.
கடன் தந்த வங்கிக்கு இந்தக் கணக்கு தெரியாது.
லில்லிபாய்க்குத் தெரியும்.
லில்லிபாய் என் அம்மை.
முந்நூறு மரம் வெட்டுகிறாள்,
எண்பதுதான் எங்களுடையது.

அங்கே முதல் வாரம்
ரோஜர் சொல்ல வேண்டிய இடத்தில்
'செரி' என்றேன்.
டவரில் இருந்தவள் திரும்பக் கேட்டாள்.
மறுபடியும் செரி.
அன்று மாலை ஹாஸ்டல் முழுக்க என் பெயர் செரி.
குல்தீப் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான்,
தோளில் பட்டை வாங்கிய பிறகும்.

தனியாக விட்ட நாளில்
ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனார்.
தொண்ணூறு கிலோ குறைந்த விமானம்
நான் கேட்டதைவிடச் சீக்கிரம் தரையை விட்டது.
பக்கத்து இருக்கையில் பெல்ட்டு மட்டும்
சும்மா ஆடிக்கொண்டிருந்தது.
பயப்பட நேரம் இல்லை, இடதுபக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

பிறகு பணம் நின்றது.
பிறகு நான் இங்கே நின்றேன்.

ஜூனில் மழை பிடித்தது.
மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியும்
சிரட்டையில் பாலுக்கு முன்னால் தண்ணீர்.
ஒரு ராத்திரி அம்மை கேட்டாள்:
'இவ்வளவு படிச்சியே மக்கா,
நாளைக்கு வெட்டலாமாண்ணு சொல்ல முடியுமா?'

சொல்ல முடிந்தது.
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் வானிலை
அரைமணிக்கொருக்கால் போனில் விழும்,
எழுத்தும் எண்ணும் நெருக்கியடித்த ஒரு வரி.
காற்று இந்தத் திசை, மேகம் இத்தனை அடி.
வெட்டு, என்றேன்.
வெட்டினாள். வெயில் அடித்தது.
மறுநாள் ரசலையன் கேட்டார்.
அதற்கடுத்த நாள் ஓமனா, அவள் கொழுந்தன்,
பெயர் தெரியாத அண்டூர்க்காரர் ஒருவர்.
ராத்திரி இரண்டே முக்காலுக்குப் போன் அடிக்கும்:
'தம்பி, வெட்டலாமா?'
வெட்டலாம். வேண்டாம். அஞ்சு மணிக்கு மேல பாருங்க.
இவ்வளவு சுருக்கமாய், இவ்வளவு தெளிவாய்
டவருக்குக்கூட நான் பேசியதில்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள்
எல்லோருக்கும் 'வெட்டலாம்' சொன்னேன்.
பேச்சிப்பாறைக்குப் பின்னால்
மலை மறைத்து வைத்திருந்த மேகம்
எந்த வரியிலும் இல்லை.
ஏழு மணிக்குக் கொட்டியது.
பன்னிரண்டு பேர் தோட்டத்தில்
பால் சிரட்டை நிறைந்து வழிந்து
வேரோடு வெள்ளையாய்ப் போனது.
அம்மை ஒவ்வொரு சிரட்டையாய்க் கவிழ்த்தாள்.
ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு விழித்துக் கிடந்தேன்.
போன் அடிக்கவில்லை.
மாடிக்குப் போய் நாற்காலியில் இருந்தேன்.
மூன்று பத்துக்கு
நெற்றியில் ஹெட்லைட்டோடு அம்மை ஏறி வந்தாள்.
கிழக்கே திரும்பினாள்,
வெளிச்சம் தொட்டியைத் தாண்டிப் போகவில்லை.

'மலைக்குப் பொறத்த என்ன கெடக்குண்ணு
இங்கேருந்து தெரியாது, இல்லியா?'
தெரியாது.
'மேல போனா?'
தெரியும்.
'எத்தனை மேல?'
ஆறாயிரம் அடி.
'ஏற எவ்வளவு நேரம்?'
பத்து நிமிசம், பன்னிரண்டு.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.
'அது எத்தனை கிலோ?'

பன்னிரண்டை அறுபதால் வகுத்து
தொண்ணூறால் பெருக்கி முடிப்பதற்குள்
கீழே
முதல் மரத்தில் வெளிச்சம் நின்றது.